பினி கேட்ட பிறகு ஒரு சந்தேகம்: பிலிப்பைன்ஸ் பாப் இசையை நான்தான் அவசரப்பட்டுக் கைகழுவினேனா?

மணலூரான் | வெள்ளி, இரவு 10.42

பன்னிரண்டு வருடமாகத் துபாயில் ஒரு கிடங்கில் கணக்கு பார்க்கிறேன். பக்கத்து நாற்காலியில் எப்போதும் ஒரு பிலிப்பைன்ஸ்காரர் இருப்பார். ஆள் மாறும், நாடு மாறாது. அதனால் அவர்கள் பாட்டு காதில் விழாத நாளே கிடையாது. ஆனால் விழுந்ததெல்லாம் ஒரே மாதிரி: கரோக்கியில் பழைய ஆங்கிலக் காதல் பாட்டு, கடைசியில் தொண்டை கிழிய ஓர் இழுப்பு, கைதட்டல். இவர்கள் இசை இவ்வளவுதான் என்று வந்த இரண்டாம் வருடமே ஃபைலை மூடிவிட்டேன். இங்கேயே ஒரு பழைய இழையில் "குரல் இருக்கிறது, பாட்டு இல்லை" என்று எழுதியும் வைத்திருக்கிறேன். யாராவது தோண்டி எடுப்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

அந்த ஃபைலைத் திறக்க வைத்தவர்கள் எட்டுப் பெண்கள். குழுவின் பெயர் பினி. பிணி இல்லை, பினி. பிலிப்பைன்ஸின் முக்கிய மொழியான தகலோகில் பினிபினி என்றால் செல்வி, இளம்பெண். அதில் பாதியை வைத்துக்கொண்டார்கள்.

நடந்தது இதுதான். மாதக் கடைசி, கணக்கு முடிக்கும் நாள், காலை ஐந்தே முக்காலுக்குக் கம்பெனி வேன். பக்கத்தில் இருந்தவர் கைப்பேசியில் ஒரு பாட்டைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். துள்ளலாக இருந்தது, ஆனால் அவர் முகத்தில் துள்ளல் இல்லை. என்ன பாட்டு என்று கேட்டேன். 'கரேரா' என்றார். ஓட்டப்பந்தயம் என்று பொருளாம். வாழ்க்கை ஒன்றும் பந்தயம் இல்லை, மூச்சு வாங்கினால் நின்றுவிட்டு வா, அவசரமில்லை என்பதுதான் பாட்டின் சாரம். நான்கு மணி நேரம் தூங்கியவனிடம் அந்த நேரத்தில் சொல்ல வேண்டிய வார்த்தையா அது! அன்றைக்கு மட்டும் ஆறு தடவை கேட்டேன்.

அப்புறம் 'லாகி', 'பன்ட்ரோப்பிகோ', 'சலாமின், சலாமின்' என்று வரிசையாக. சொல்லுக்குச் சொல் அர்த்தம் கேட்டு அந்த மனிதரைப் பாடாய்ப் படுத்துகிறேன். முகா என்றால் முகமாம், குரோ என்றால் ஆசிரியராம். மாம்பழம் மங்கா! இது மலாய் வழியாக நம் மாங்காய் போன இடம் என்று நான் சொன்னதற்கு அவர் நம்பவில்லை.

என் கேள்வி: இந்தக் குழு மட்டும் விதிவிலக்கா? அல்லது பின்னால் பெரிய ஊரே இருந்து நான்தான் பார்க்காமல் போனேனா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சியோல் சீனி | வெள்ளி, இரவு 11.15

அண்ணா, உங்கள் உற்சாகத்தைக் கெடுப்பதற்கு மன்னியுங்கள். பத்து வருடமாகக் கொரிய பாப் மட்டுமே கேட்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இது ஜெராக்ஸ். சிறு வயதிலேயே ஆள் எடுப்பது, ஒரே வீட்டில் தங்க வைத்துப் பயிற்சி, ஆடிக்கொண்டே பாடுவது, ஒவ்வொருவருக்கும் ஒரு குணம் ஒட்டுவது, ரசிகர் கூட்டத்துக்குத் தனிப் பெயர் வைப்பது எல்லாமே சியோலில் செய்து பார்த்த சமையல் குறிப்பு. பயிற்சி கொடுத்தவர்களில் கொரியர்களும் உண்டு. ரசிகர்களுக்கு 'ப்ளூம்' என்று பெயர். இது பிலிப்பைன்ஸ் இசைக்குக் கொடுக்கும் இரண்டாவது வாய்ப்பா, கொரிய இசைக்குக் கொடுக்கும் பதினெட்டாவது வாய்ப்பா?

பாட்டு கேட்க இனிமையாக இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. அவர்களுடைய 'செர்ரி ஆன் டாப்' முக்கால்வாசி ஆங்கிலம். அதில் மணிலா எங்கே இருக்கிறது என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன். இதைக் கேட்டுவிட்டு ஒரு நாட்டின் இசையையே புரிந்துகொண்டேன் என்பது கொஞ்சம் அதிகம்.

டாவோ ரிட்டர்ன் | சனி, காலை 7.20

நைட் டியூட்டி முடிந்து வந்து இதைப் பார்த்தால் தூக்கம் வருமா!

பிலிப்பைன்ஸின் டாவோ நகரில் மருத்துவம் படித்தவள் நான். 2018இல் போனேன், நடுவில் கொரோனா காலம் முழுக்க மதுரையில் மொட்டை மாடியில் ஆன்லைன் வகுப்பு, 2022இல் திரும்பிப் போய் முடித்துவிட்டு வந்தேன். அங்கே தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் பேர், அதனால் இந்தப் பாட்டெல்லாம் தெரிந்த தமிழர்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம்.

மணலூரான் அண்ணா, நீங்கள் கேட்ட அந்தக் கரோக்கியைக் குறைவாக எடை போடாதீர்கள். அங்கே அதற்கு வீடியோக்கே என்று பெயர். கல்யாணம், பிறந்தநாள், சாவு வீடு எதுவானாலும் ஒரு பெட்டியை வாடகைக்கு எடுத்து வாசலில் வைத்துவிடுவார்கள். சின்னக் கடைகளில் ஐந்து பெசோ காசு போட்டால் ஒரு பாட்டு. ஞாயிற்றுக்கிழமை பரீட்சைக்குப் படிக்க உட்கார்ந்தால் பக்கத்து வீட்டு மாமா அதே பாட்டை நான்கு தடவை பாடுவார், ஐந்தாவது தடவை எனக்கே வரி மனப்பாடம். அந்த ஊரில் பாடத் தெரியாது என்று சொல்பவரைப் பார்ப்பது கஷ்டம். எனவே பாடகி என்று ஒருத்தி மேடை ஏறினால் பக்கத்து வீட்டு மாமாவை ஜெயித்தாக வேண்டும். அந்த இழுப்புக்குக் காரணம் அதுதான். உச்சத்தில் நின்று பிடிப்பதற்கு 'பிரிட்' என்று தனிச் சொல்லே வைத்திருக்கிறார்கள்.

இப்போது சீனி தம்பிக்கு. கொரிய முறைப் பயிற்சி என்பது உண்மை. ஆனால் நான் 2022இல் திரும்பியபோது வகுப்பில் கண்ட மாற்றத்தைச் சொல்கிறேன். 2018இல் என் உள்ளூர்த் தோழிகள் இயர்போனில் தகலோக் பாப் கேட்டால் சொல்லவே கூச்சப்படுவார்கள். 'படுய்' என்பார்கள். நம் ஊரில் "லோக்கல்" என்று உதட்டைச் சுழிப்போமே, அந்த மாதிரி. ஆங்கிலப் பாட்டு கேட்டால் மேல்தட்டு, கொரியப் பாட்டு கேட்டால் நாகரிகம், சொந்தப் பாட்டு கேட்டால் ஜீப்னி (அங்கே ஓடும் சின்னப் பஸ்) ஓட்டுநரின் ரசனை. நான்கு வருடம் கழித்துப் பார்த்தால் அதே பெண்கள் எஸ்பி19 குழுவைப் பற்றி ஆஸ்பத்திரி வராண்டாவில் சண்டை போடுகிறார்கள். எஸ்பி19 ஐந்து பையன்கள், 2018இல் வந்தார்கள், 2019இல் 'கோ அப்' பாட்டின் ஆட்டக் காணொளியால் பிடித்துக்கொண்டது. வழியை வெட்டியவர்கள் அவர்கள். பினி அந்த வழியில் வந்தார்கள்.

இன்னொன்று, இந்த எட்டுப் பேரும் மணிலாப் பிள்ளைகள் இல்லை. ஒருத்தி செபு, ஒருத்தி போஹோல், ஒருத்தி பட்டாங்காஸ், ஒருத்தி பிக்கோல் பக்கம். செபுக்காரியும் போஹோல்காரியும் நேரலையில் தங்கள் பகுதி மொழியான பிசாயா பேச ஆரம்பித்தால் டாவோவில் நாங்கள் விசில் அடிப்போம். டாவோவும் பிசாயா ஊர்தான். மணிலா தொலைக்காட்சியில் அந்தப் பேச்சு வழக்கமாக வேலைக்காரிப் பாத்திரத்துக்குத்தான் வரும்.

'லாகி' பற்றி ஒரு கூத்து. தகலோகில் அதற்கு "எப்போதும்" என்று அர்த்தம். பிசாயாவில் "அதான் சொன்னேனே!" என்று அர்த்தம். காதல் பாட்டு ஓடும்போது எங்கள் வகுப்பு முழுக்க அர்த்தம் மாறிச் சிரிக்கும்.

(எட்டுப் பேரில் செபுக்காரியின் பெயர் ஐயா. சத்தியமாக. முதல் தடவை கேட்டபோது நான் யாரோ பெரியவரைக் கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன்.)

சும்மா வந்தவன் | சனி, காலை 9.03

ஐயாவைப் பார்க்க இழைக்குள் வந்தேன். தங்கிவிட்டேன்.

பழைய ரெக்கார்டு | சனி, பகல் 12.30

மணலூரான் கேட்ட "பின்னால் ஊர் இருக்கிறதா" என்ற கேள்விக்கு என்னிடம் ஒரு பெட்டி நிறையப் பதில் இருக்கிறது. 1980களில் சிங்கப்பூர்க் கப்பல்துறையில் இருந்த என் சித்தப்பா கொண்டுவந்த கேசட்டுகளில் ஃபிரெடி அகிலாரின் 'அனாக்' இருந்தது. 1978இல் வந்த பாட்டு. அனாக் என்றால் பிள்ளை. பெற்றவர்கள் தாங்கித் தாங்கி வளர்த்த பிள்ளை தடம் மாறிப் போய்க் கடைசியில் கண்ணீரோடு திரும்பி நிற்கும் கதை. ஒரு வார்த்தை புரியாமல் எங்கள் பாட்டி அதைக் கேட்டுவிட்டு "யாரோ பையனைப் பற்றி அழுகிறான்" என்றார். பல மொழிகளில் பெயர்த்துப் பாடப்பட்ட பாட்டு. அகிலார் 2025 மே மாதம் காலமானார், தமிழில் ஒரு வரி அஞ்சலிகூட என் கண்ணில் படவில்லை.

அந்த 1978ஐக் கவனியுங்கள். மணிலாவில் முதல் தடவையாகப் பெரிய அளவில் ஒரு புதுப்பாட்டுப் போட்டி நடத்தினார்கள். 'அனாக்' இறுதிச் சுற்று வரை வந்தது, பரிசு வாங்கவில்லை. முதல் பரிசு இளைஞர் ரையன் கயாப்யாப் எழுதிய பாட்டுக்கு. "நம் இசை எவ்வளவு அழகு" என்பதுதான் அந்தப் பாட்டின் தலைப்பே. அமெரிக்கா 1898 முதல் 1946 வரை ஆண்ட நாடு அது. வானொலியைத் திருப்பினால் ஆங்கிலம்தான். அங்கே போய் ஒருவன் நம் இசை அழகு என்று நெஞ்சை நிமிர்த்திப் பாடிப் பரிசு வாங்க வேண்டியிருந்தது என்றால் அதற்கு முன் நிலைமை என்னவாக இருந்திருக்கும்!

அதே காலத்தில்தான் 'மணிலா சவுண்ட்'. ஹாட்டாக் என்ற குழு, விஎஸ்டி அண்டு கம்பெனி என்ற குழு. இவர்கள் டிஸ்கோவை எடுத்தார்கள், தகலோகையும் ஆங்கிலத்தையும் தெருவில் பேசுகிற மாதிரி கலந்து போட்டார்கள், நாடே ஆடியது. சீனி தம்பி சொல்லும் ஜெராக்ஸ் குற்றச்சாட்டு அன்றைக்கும் இருந்தது, அமெரிக்க டிஸ்கோவின் நகல் என்று. இன்றைக்கு அதைத்தான் அந்த ஊர்க்காரர்கள் பொற்காலம் என்கிறார்கள். விஎஸ்டி என்பதில் உள்ள 'டி' டிட்டோ சோட்டோ. பிற்பாடு செனட் சபைத் தலைவர் ஆனார். மேடையிலிருந்து சட்டமன்றம் போவது நமக்கு மட்டும் சொந்தமான வியாதி இல்லை.

1987இல் கொரசோன் அக்கினோ அதிபராக இருந்தபோது ஓர் ஆணை போட்டார். இசை ஒலிபரப்பும் வானொலிகள் ஒவ்வொரு மணி நேரத்திலும் குறைந்தது நான்கு உள்நாட்டுப் பாட்டாவது போட வேண்டும். சொந்தப் பாட்டைப் போடச் சொல்லி அரசாணை! நம் வானொலியில் தமிழ்ப் பாட்டு போட யாரும் ஆணை போட்டதாக நினைவில்லை. இதை வைத்துத்தான் நீங்கள் துபாயில் கேட்ட கரோக்கியையும் பார்க்க வேண்டும். அவர்கள் ஆங்கிலப் பாட்டைப் பாடியது சொந்தப் பாட்டு இல்லாததால் இல்லை. வெளிநாட்டு ஓட்டல், கப்பல், கிளப் எல்லாம் அதைத்தான் கேட்டுக் காசு கொடுத்தன. 1920களில் ஷாங்காய் நடனக் கூடங்களில் ஜாஸ் வாசித்தவர்களில் பிலிப்பைன்ஸ்காரர்கள் ஏராளம். நூறு வருடமாக அடுத்தவன் பாட்டை அச்சு அசலாக வாசித்துத் தருவது அவர்களுக்குப் பிழைப்பு. 2007இல் ஜர்னி என்ற அமெரிக்க ராக் குழு தனக்குப் பாடகர் தேடியபோது ஆர்னெல் பினெடாவை யூடியூபில் கண்டுபிடித்தது, அவர் மணிலாவில் பிறர் பாட்டைப் பாடிக்கொண்டிருந்த காணொளிகளைப் பார்த்துத்தான்.

வெளியே விற்றது அது. வீட்டுக்குள் பாடியது வேறு. நீங்கள் வாசலில் நின்று கேட்டிருக்கிறீர்கள், மணலூரான்.

மணலூரான் | சனி, பகல் 1.10

ஐயா (செபு ஐயா இல்லை, நீங்கள்தான்), பன்னிரண்டு வருடம் வாசலில் நின்றிருக்கிறேன் என்று நினைத்தால் கால் வலிக்கிறது.

சியோல் சீனி | சனி, மாலை 4.45

பழைய வரலாறு அருமை. ஆனால் அது ஹாட்டாக்கின் பெருமை. அதைப் பினியின் கணக்கில் எழுத முடியாது. தாத்தா நிலம் வைத்திருந்தார் என்பதற்காகப் பேரனை விவசாயி என்பீர்களா? என் கேள்வி நேரானது. இந்த எட்டுப் பேர் பாட்டில் கொரியாவிலோ அமெரிக்காவிலோ கிடைக்காதது என்ன இருக்கிறது? மொழியைத் தவிர என்று சொல்லுங்கள். மொழி மட்டும் போதும் என்றால் டப்பிங் படமும் போதும்.

கீபோர்டு கதிர் | சனி, இரவு 9.30

"மொழியைத் தவிர" என்று ஒதுக்கிவிட்டுக் கேட்டால் எப்படி சீனி? பாட்டில் பாதி அங்கேதான் இருக்கிறது.

நான் இந்த ரசிகர் கூட்டத்தில் இல்லை, கல்யாணக் கச்சேரிகளில் வாசிக்கிறவன். இழையைப் படித்துவிட்டு இன்று முழுக்கக் கேட்டேன், கூடவே தகலோகைக் கொஞ்சம் புரட்டினேன். இந்த மொழியில் அழுத்தம் விழும் இடம் மாறினால் அர்த்தம் மாறும். 'பாசா' என்று முன்னால் அழுத்தினால் வாசிப்பு, 'பசா' என்று பின்னால் அழுத்தி வெடுக்கென நிறுத்தினால் ஈரம். 'துபோ' ஓர் அழுத்தத்தில் குழாய், இன்னோர் அழுத்தத்தில் கரும்பு. அப்படியென்றால் மெட்டுப் போடுகிறவன் தாளத்தின் அடியை இஷ்டப்படி இறக்க முடியாது. இறக்கினால் காதலி ஈரமாகிவிடுவாள். நமக்கு நெடில் குறில் தொல்லை இருக்கிற மாதிரி அவர்களுக்கு இது.

அப்புறம் இரட்டிப்பு. 'கன்டா' என்றால் பாட்டு. 'ககன்டா' என்றால் பாடப்போகிறேன். 'குமகன்டா' என்றால் பாடிக்கொண்டிருக்கிறேன். வினைச்சொல்லே தன் அசையை ஒருமுறை திரும்பச் சொல்லித்தான் காலம் காட்டுகிறது. இலக்கணத்துக்குள்ளேயே தாளம் வைத்திருக்கிறார்கள். குழுவின் பெயர் வந்த பினிபினியே இரட்டைச் சொல்தான். நம் சலசல, படபட எல்லாம் ஒலிக்குறிப்போடு நின்றுவிடும். அங்கே அது வாக்கியத்தின் எலும்பு. ஆங்கில மெட்டில் தகலோகை ஊற்றினாலும் அது வேறு வடிவம் எடுப்பது இதனால்தான். டப்பிங்கில் வாயசைவுக்குச் சொல்லை வளைப்போம், இங்கே சொல் மெட்டை வளைக்கிறது.

இரண்டாவது, ஒத்திசைவு. இந்த எட்டுப் பேரின் மேடைப் பதிவுகளில் இசைக்கருவி இல்லாமல் பாடும் துண்டுகள் இருக்கின்றன, ஒரு தடவை தேடிக் கேளுங்கள். மேலே ஒருத்தி, கீழே இருவர், நடுவில் மற்றவர்கள் என்று தானாக விரிகிறது. கொரியாவிலும் நன்றாகப் பாடுகிறவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பிலிப்பைன்ஸில் இது தேவாலயத்திலும் பள்ளிக்கூடத்திலும் சின்ன வயதிலிருந்து ஊறியது. பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தின் மாட்ரிகல் சிங்கர்ஸ் குழு ஐரோப்பாவின் மிகப் பெரிய சேர்ந்திசைப் பரிசை 1997இலும் 2007இலும் வென்றது. இரண்டு தடவை வென்ற முதல் குழு அதுதான். அரைவட்டமாக உட்கார்ந்து, எதிரே நடத்துநர் கையசைக்காமல் பாடுவார்கள். அந்த ஊரின் காது அது. பினியைக் கேட்கும்போது அந்தக் காதைக் கேட்கிறேன்.

'செர்ரி ஆன் டாப்' விஷயத்தில் நீ சொல்வது சரி. எனக்கும் அது ஏர்போர்ட் கடையில் கேட்கிற பாட்டு மாதிரித்தான் இருந்தது.

டாவோ ரிட்டர்ன் | ஞாயிறு, காலை 6.50

கதிர் அண்ணா, "காதலி ஈரமாகிவிடுவாள்" படித்துவிட்டு வார்டில் சிரித்துத் தொலைத்தேன்.

தாத்தா நிலம் பற்றித் தம்பி சொன்னதற்கு ஒரு பதில். பினி முறைப்படி அறிமுகமாவதற்கு முன்னாலேயே, 2020 நவம்பரில், பதிவு செய்து வெளியிட்ட பாட்டு 'ட கோக்கனட் நட்'. அது புதிது இல்லை. 1990களின் தொடக்கத்தில் ஸ்மோக்கி மவுண்டன் என்ற குழு பாடிப் பிரபலமானது. எழுதியவர் யார் தெரியுமா? பழைய ரெக்கார்டு ஐயா மேலே சொன்ன அதே ரையன் கயாப்யாப். இப்போது அவர் தேசியக் கலைஞர் பட்டம் பெற்றவர். ஸ்மோக்கி மவுண்டன் என்பது மணிலாவின் டோன்டோ பகுதியில் இருந்த குப்பை மலையின் பெயர். குப்பைமலை என்று ஒரு பாட்டுக் குழுவுக்குப் பெயர் வைத்தார்கள்! பாட்டோ தென்னை மரத்தின் பயன்களை அடுக்கும் வேடிக்கைப் பாட்டு. ஆறாம் வகுப்பில் நாம் எழுதிய தென்னை கட்டுரைக்கு மெட்டுப் போட்ட மாதிரி இருக்கும். ஆக, பேரன் முதல் நாளே தாத்தாவின் வயலில்தான் இறங்கினான். 2025இல் வந்த 'ஷகிடி'யும் தெருவில் குழந்தைகள் வட்டமாக நின்று ஆடும் ஒரு விளையாட்டிலிருந்து எடுத்ததுதான். சியோலில் அது கிடைக்காது.

எல்லோரும் பாட்டைப் பேசுகிறீர்கள், நான் காலத்தைச் சொல்கிறேன். இவர்களை உருவாக்கியது ஏபிஎஸ்-சிபிஎன் தொலைக்காட்சி. 2019இல் ஆள் எடுத்துப் பயிற்சி ஆரம்பித்தார்கள். 2020 மே மாதம் அந்த நிறுவனத்தின் ஒளிபரப்பு உரிமம் தீர்ந்தது, மே 5ஆம் தேதி அரசு அலைவரிசையை நிறுத்தச் சொன்னது. ஜூலை 10ஆம் தேதி நாடாளுமன்றக் குழுவில் ஓட்டெடுப்பு. உரிமம் கூடாது என்று 70 பேர், வேண்டும் என்று 11 பேர். ஆயிரக்கணக்கானோருக்கு வேலை போனது. நான் அப்போது மதுரையில், என் டாவோ வீட்டுக்காரம்மா போனில் அழுதார். அவருக்கு இரவுத் தொடர்கள் போய்விட்டன.

பயிற்சியில் இருந்த பெண்கள் நிலையை நினைத்துப் பாருங்கள். வெளியே ஊரடங்கு, உள்ளே வீடு, தங்களை நாட்டுக்குக் காட்ட வேண்டிய டிவியே இல்லை. 2021 ஜூன் 11ஆம் தேதி அறிமுகமானார்கள். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 'லாகி' எங்களைப் போன்ற மாணவர்களிடம் ஓடியது, அவ்வளவுதான். 'பன்ட்ரோப்பிகோ' 2023 நவம்பரில் வந்தது, வந்த உடனே வெடித்ததா என்றால் இல்லை. 2024இன் தொடக்க மாதங்களில் டிக்டாக்கில் அந்த ஆட்டத்தை ஆளாளுக்கு ஆட ஆரம்பித்த பிறகுதான். மார்ச்சில் 'தலாஅராவன்' (நாட்குறிப்பு என்று அர்த்தம்) தொகுப்பு, அதில் 'சலாமின், சலாமின்'. கண்ணாடியே கண்ணாடியே, அவன் எப்போது என்னைப் பார்ப்பான் என்று கேட்கிற பாட்டு. ஏப்ரலில் எங்கள் ஆஸ்பத்திரி செவிலியர் விழாவில் ஐம்பது வயது ஹெட் நர்ஸ் அதற்கு ஆடினார். நவம்பரில் மணிலா அரனெத்தா அரங்கில் மூன்று நாள் கச்சேரி. முகமது அலியும் ஃபிரேசியரும் 1975இல் மோதினார்களே, அதே அரங்கம்.

அறிமுகத்துக்கும் அந்த அரங்கத்துக்கும் நடுவில் மூன்றரை வருடம். 'கரேரா' பாட்டை அவர்கள் பாடினால் நம்பத் தோன்றுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சியோல் சீனி | ஞாயிறு, பகல் 11.20

அக்கா, தேங்காய் விஷயம் எனக்குத் தெரியாது. அதைக் கேட்டேன். கேட்டுவிட்டு அடுத்து அந்த 1990கள் பதிவையும் கேட்டேன். சரி, நகல் என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். வார்ப்பு கொரியாவுடையது, ஊற்றியது உள்ளூர் உலோகம். இதற்கு மேல் இறங்க மாட்டேன்.

ஆனால் ஒரு கவலை இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். 2024இல் லாஸ் ஏஞ்சலஸில் கேகான் (கொரிய பாப் விழா) மேடை, 2025இல் உலகப் பயணம், அப்புறம் அமெரிக்காவின் பெரிய இசை விழாவான கோச்செல்லாவின் 2026 பட்டியலில் பெயர். மேடை பெரிதாகப் பெரிதாக ஆங்கிலப் பாட்டும் கூடுகிறது. கொரியக் குழுக்களுக்கும் இதே நடந்ததைப் பார்த்தவன் நான். நான் விரும்பிய குழுக்கள் ஆங்கிலத்துக்குப் போனபோது எனக்குள் ஏதோ அணைந்தது. மணலூரான் அண்ணனுக்கு இரண்டு வருடத்தில் அது நடக்கலாம். இப்போதே தகலோக் பாட்டுகளைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கீபோர்டு கதிர் | ஞாயிறு, பகல் 11.41

இதற்குத்தான் பத்து வருட அனுபவசாலி ஒருவன் இழையில் இருக்க வேண்டும் என்பது.

பழைய ரெக்கார்டு | ஞாயிறு, மாலை 5.15

மணலூரானுக்கு அடுத்து என்ன கேட்பது என்று யாரும் சொல்லவில்லையே. என் பங்குக்கு: முதலில் ஹாட்டாக்கின் 'மணிலா'. வெளிநாடு போனவனுக்கு ஊர் ஏக்கம் வரும் பாட்டு, வளைகுடாவில் இருப்பவருக்கு விளக்கமே தேவையில்லை. அடுத்து 1990களுக்கு வந்து இரேசர்ஹெட்ஸ். கல்லூரி மாணவர்கள் ஆரம்பித்த ராக் குழு. 1995இல் வந்த அவர்களுடைய 'அங் ஹுலிங் எல் பிம்போ', அதாவது கடைசி எல் பிம்போ நடனம். சிறுவயதில் ஒரு பெண் ஆடக் கற்றுக்கொடுத்த நினைவில் ஆரம்பித்து எங்கோ கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். முடிவைச் சொல்ல மாட்டேன். அதைக் கேட்ட பிறகு பினியின் 'அங் ஹுலிங் சா-சா' (கடைசி சா-சா) தலைப்பைப் பாருங்கள். எனக்கு அந்தத் தலைப்பே பழையவர்களைப் பார்த்துக் கண்ணடிப்பதாகப் பட்டது.

டாவோ ரிட்டர்ன் | ஞாயிறு, இரவு 8.05

என் பங்குக்கு எஸ்பி19இன் 'மாபா'. மாமா, பாபா (அம்மா, அப்பா) இரண்டையும் சேர்த்த தலைப்பு, பெற்றோருக்கு நன்றி சொல்லும் பாட்டு. வீட்டுக்குப் பணம் அனுப்பிய அன்றைக்குக் கேட்காதீர்கள் அண்ணா, தாங்காது. அலமாட் என்று ஒரு குழுவும் இருக்கிறது. தகலோகோடு நிற்காமல் நாட்டின் மற்ற மொழிகளிலும் பாடுகிறார்கள். எங்கள் பிசாயாவும் உண்டு.

மணலூரான் | அடுத்த சனி, இரவு 11.50

ஒரு வாரம் கழித்து வருகிறேன். எல்லாம் கேட்டேன். 'அனாக்' பாட்டைப் பாதியில் நிறுத்தினேன், எனக்கு ஊரில் பத்தாவது படிக்கும் பையன் இருக்கிறான். நாளைக்கு மீதி. 'எல் பிம்போ' முடிவு தெரிந்த பிறகு பழைய ரெக்கார்டு ஐயா மேல் கொஞ்சம் கோபம்.

என் பக்கத்து நாற்காலிக்காரரிடம் இந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஹாட்டாக் என்றதும் எழுந்து நின்றுவிட்டார். "உனக்கு யார் சொன்னது?" என்று கேட்டார். இத்தனை வருடத்தில் என்னிடம் ஏன் இதையெல்லாம் போட்டுக் காட்டவில்லை என்று திருப்பிக் கேட்டேன். "உங்களுக்குப் புரியாது என்று நினைத்தோம். ஆங்கிலப் பாட்டென்றால் எல்லோருக்கும் தெரியுமே என்றுதான் அதைப் பாடுவோம்" என்றார். அதாவது அந்தக் கரோக்கி இரவுகளில் விருந்தாளி நான்தானாம். எனக்காகத்தான் ஆங்கிலத்தில் பாடியிருக்கிறார்கள். நான் வந்து இங்கே "பாட்டு இல்லை" என்று எழுதியிருக்கிறேன்.

இன்று மாலை அவர் அறையில் வீடியோக்கே. என்னை விடவில்லை. திரையில் வரி ஓட, 'கரேரா' பாடினேன். அழுத்தம் எங்கெங்கே விழுந்தது, யார் யார் ஈரமானார்கள் என்று தெரியவில்லை. ஆறு பேர் கூடச் சேர்ந்து பாடிக் காப்பாற்றினார்கள். கடைசியில் பெட்டி 61 மார்க் காட்டியது.

டாவோ ரிட்டர்ன் | ஞாயிறு, காலை 6.30

அண்ணா, அந்தப் பெட்டி இருமினாலே 85 போடும். 61 எடுக்க உண்மையிலேயே உழைத்திருக்கிறீர்கள்.

மணலூரான் | ஞாயிறு, காலை 6.41

அவரும் இதையேதான் சொன்னார். அடுத்த சனிக்கிழமை 'சலாமின், சலாமின்'. பாடப்போகிறேன் என்பதற்கு என்ன கதிர், 'ககன்டா'வா?

கீபோர்டு கதிர் | ஞாயிறு, காலை 7.02

ககன்டா. முதல் அசையை விழுங்கிவிடாதீர்கள்.